திருடனுக்கு மட்டும் பூட்டப்பட்ட வீடுகள்

வீட்டுப் பராமரிப்பு என்றால் தமிழ்நாட்டில் என்ன அர்த்தம்? பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பது, வசதி இருந்தால் எமல்ஷன் பெயின்ட். மொட்டை மாடி ஒழுகினால் தட்டோடு. குழாய் சொட்டினால் வாஷர். மழைக்கு உப்பிய கதவை இழைத்துவிட ஒரு ஆசாரி. கையில் கொஞ்சம் காசு புரண்டால், பழைய மர ஜன்னலைப் பெயர்த்தெடுத்துவிட்டு வெள்ளை வெளேரென்று யூ.பி.வி.சி. ஜன்னல். இவ்வளவுதான் பட்டியல்.

இந்தப் பட்டியலில் தீ என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள், இருக்காது. திருடன் இருக்கிறான். கொசு இருக்கிறது. மழை, வெயில், பக்கத்து வீட்டுக்காரரின் பார்வை, வாஸ்து எல்லாம் இருக்கின்றன. தீயும் புகையும் மட்டும் இல்லை. அவை வேறு யாருடைய வீட்டுக்கோ வருபவை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்!

அந்த முடிவின் சாட்சி ஒவ்வொரு படுக்கையறையிலும் நிற்கிறது. சுவரோடு சுவராகப் பதித்த, திறக்கவே முடியாத இரும்புக் கம்பி ஜன்னல். வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது என்பதற்காக அது போடப்பட்டது. உள்ளே இருப்பவன் வெளியே போக வேண்டிய ஒரு இரவு வரும் என்று அதைப் போட்டவர் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். உள்ளிருந்து திறக்க முடியாத ஜன்னல் கம்பி பாதுகாப்பு அல்ல. அது கூண்டு.

கம்பி எப்படிக் கூண்டானது?

ஜன்னலுக்குக் கம்பி போடுவது புதிதல்ல. பாட்டன் காலத்து வீட்டிலும் மரச்சட்டத்துக்குள் நெட்டுக்குத்தலாக உருட்டுக் கம்பிகள் இருந்தன. ஆனால் அந்த வீட்டின் மற்ற பாகங்களையும் பார்க்க வேண்டும். வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைக் கிணறு தெரியும். முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். அடுப்படிக்கு மேலே புகைபோக்கி. முன்பக்கம் தீப்பிடித்தால் கொல்லை வழியாக ஓடலாம். புகை முற்றத்தின் வழியே மேலே போய்விடும். கம்பி இருந்தாலும் வீட்டுக்கு வழி இருந்தது.

அதற்காகப் பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓலைக் கூரையில் ஒரு பொறி விழுந்தால் தெருவே எரிந்த ஊர்கள் உண்டு. ஆனால் அந்த வீடுகளிலிருந்து ஓடுவதற்கு வழி இருந்தது.

இன்றைய வீடு என்ன? அறுநூறு சதுர அடி ஃபிளாட். ஒரே ஒரு வாசல். அந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு கிரில் கேட். ராத்திரி ஆனால் இரண்டுக்கும் பூட்டு. சாவி ஃப்ரிட்ஜ் மேலேயோ, சட்டைப் பையிலோ, அம்மாவின் கைப்பையிலோ, தலையணைக்கு அடியிலோ இருக்கும். படுக்கையறை ஜன்னலில் கிரில். குளியலறையில் கை மட்டும் நுழையும் அளவுக்கு வென்டிலேட்டர். பால்கனி என்று ஒன்று இருந்தால் அதையும் மேலிருந்து கீழ்வரை கம்பி போட்டு அடைத்தாகிவிட்டது. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, அதன் சாவி அசோசியேஷன் செயலாளர் வீட்டில்!

இப்போது ஒரு கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் இருப்பவருக்கு வெளியேற எத்தனை வழி? ஒன்று. அந்த ஒரு வழி எதன் ஊடாகப் போகிறது? ஹாலின் ஊடாக. ஹாலில் என்ன இருக்கிறது? சோபா, டி.வி., இன்வெர்ட்டர், செருப்பு ஸ்டாண்ட், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நான்கு போன்கள், சில வீடுகளில் சாமி விளக்கு, இப்போது சில வீடுகளில் சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டர். அதாவது, வீட்டில் தீப்பிடிக்கக்கூடிய பொருட்களில் பாதியைத் தப்பிக்கும் வழியிலேயே வைத்துவிட்டு, மற்ற எல்லா வழிகளையும் வெல்டிங் செய்து மூடியிருக்கிறார்கள். திருடனே பார்த்தால்கூட பரிதாபப்படுவான்.

கொல்வது புகை

தீ விபத்து என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. ஆனால் வீட்டுத் தீயில் பலரை நெருப்பு தொடுவதே இல்லை. அதற்கு முன்பே புகை அவர்களை முடித்துவிடுகிறது.

காரணம் எளிது. காற்று போதாமல் எரியும் எந்தப் பொருளும் கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அது நிறமும் மணமும் இல்லாத வாயு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. சோபாவிலும் மெத்தையிலும் இருக்கும் பாலியூரிதேன் ஃபோம் எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். ஒயரின் மேலுள்ள பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது கண்ணையும் தொண்டையையும் எரித்துத் திறக்கவிடாமல் செய்யும். தூங்குகிறவரைப் புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று நினைப்பது இன்னொரு மூடநம்பிக்கை. ஆழ்ந்த தூக்கத்தில் மூக்கும் தூங்குகிறது.

நேரமும் முன்போல இல்லை. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் இரண்டு வகை அறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. பருத்தி, மரம் போன்ற பழைய பொருட்களால் நிரப்பிய அறை முழுவதுமாகத் தீப்பற்ற 29 நிமிடங்களுக்கு மேல் ஆனது. இக்காலத்து ஃபோம் சோபாவும் செயற்கை இழைத் திரைச்சீலையும் உள்ள அறை 5 நிமிடங்களுக்குள் முழுதும் பற்றிக்கொண்டது. 2012-ல் வெளியான முடிவு இது. தாத்தா காலத்தில் அரை மணி நேரம் இருந்தது, பேரனுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை! அந்த நேரத்துக்குள் அவன் விழித்து, லைட் இல்லாத இருட்டில், புகைக்குள் சாவியைத் தேடி, இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும்.

இது கற்பனை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் செய்திகளைப் புரட்டிப் பார்க்கலாம். 2025 மே 18 அன்று ஹைதராபாத்தில் சார்மினார் அருகே குல்சார் ஹவுஸ் பகுதியில் ஒரு வீட்டில் அதிகாலையில் தீப்பிடித்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 17 பேர் இறந்தார்கள். அதில் 8 பேர் குழந்தைகள். மேல்மாடியில் இருந்தவர்களுக்குக் கீழே வரக் குறுகலான ஒரே வழிதான் இருந்தது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் பற்றிய தீயின் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் இறந்தார்கள். 2019 டிசம்பர் 8 அன்று டெல்லி அனாஜ் மண்டியில் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த கட்டடத்தில் 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத்திணறி. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் கண்ணாடியால் இறுக மூடப்பட்ட ஒரு மருத்துவமனையில் கீழ்த்தளத்துத் தீயின் புகை மேலே ஏறி சுமார் 90 பேரைக் கொன்றது. அங்கே எல்லா ஜன்னலும் இருந்தன, திறக்கத்தான் முடியவில்லை.

இடங்கள் வேறு, மொழிகள் வேறு. கதை ஒன்றேதான். புகை உள்ளே வந்தது, மனிதர்களால் வெளியே போக முடியவில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதியில் ஒரு பகுதி படுக்கையறை ஜன்னலைப் பற்றியது. ஒவ்வொரு படுக்கையறைக்கும் அவசரத்தில் ஆள் வெளியேறக்கூடிய ஒரு திறப்பு வேண்டும். திறந்தால் கிடைக்கும் இடைவெளி பொதுவாக 5.7 சதுர அடிக்குக் குறையக்கூடாது. அகலம் 20 அங்குலத்துக்கும், உயரம் 24 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. அடிக்கட்டை தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேலே இருக்கக்கூடாது. கம்பி போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் அதை உள்ளிருந்து சாவியோ கருவியோ இல்லாமல் திறக்க முடிய வேண்டும். அவ்வளவுதான் சட்டம். தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல ஒரு மனித உடலுக்கு அளவெடுத்து எழுதப்பட்ட விதி அது.

தமிழ்நாட்டில் பிளான் அப்ரூவலுக்கு எத்தனை அளவுகள் கேட்கிறார்கள்! முன்புறம் எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கவாட்டில் எவ்வளவு, கார் நிறுத்த எவ்வளவு, மழைநீர்த் தொட்டி எங்கே... எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் வரைபடத்தில் ஜன்னல் என்பது இரண்டு கோடு மட்டும். கிரில் வரைபடத்தில் பிறப்பதில்லை. வீடு கட்டி முடித்த பிறகு, தெருமுனை வெல்டிங் பட்டறையில், எந்த டிசைன் அழகு என்ற ஒரே கேள்வியோடு பிறக்கிறது. தாமரைப்பூ வேண்டுமா, மயில் வேண்டுமா என்று பட்டறைக்காரர் கேட்கிறார். இது திறக்குமா என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. கேட்காததை அவர் ஏன் செய்யப் போகிறார்? இன்ஜினியருக்கும் கவலையில்லை. வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குக் கட்டடத்தின் மேல் காப்பீடு வேண்டும், அதற்குள் தூங்குபவர் வெளியே வர முடியுமா என்பது அதன் படிவத்தில் இல்லை.

இந்தியாவில் தீ விபத்துச் சாவுகளில் பாதிக்கும் மேல் குடியிருப்புகளில்தான் நடக்கின்றன என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்லி வருகின்றன. ஆனால் தீ பாதுகாப்பு என்ற பேச்சு வந்தாலே அது தியேட்டர், மருத்துவமனை, துணிக்கடை என்றுதான் போகிறது. வீடு என்பது யாரும் எட்டிப் பார்க்கக்கூடாத தனியார் சமாச்சாரம் ஆகிவிட்டது.

வழக்கமான சமாதானங்கள்

இதைச் சொன்னதும் வரும் முதல் பதில்: "கம்பியைத் திறக்கிற மாதிரி வைத்தால் திருடன் வந்துவிடுவானே?"

கம்பியை எடுத்துவிடச் சொல்லவில்லையே! அதே கம்பி, அதே பருமன், அதே மயில் டிசைன். ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று கீல், மறு ஓரத்தில் உள்பக்கம் ஒரு கனமான தாழ்ப்பாள், வெளியிலிருந்து கைவிட்டு எட்டாதபடி அதை மறைக்க ஒரு இரும்புத் தகடு. கீல் முளைகளை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி வெல்டிங் வைக்கலாம். தரைத்தளத்தில் பூட்டு போட்டே ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், சாவியை அதே அறையில், ஜன்னலிலிருந்து கை எட்டாத, ஆனால் இருட்டில் தடவினால் கிடைக்கும் ஒரு ஆணியில் நிரந்தரமாகத் தொங்கவிடலாம். வாசற்கதவும்கூடத் திறக்கிற பொருள்தான். அதைத் திருடனுக்குப் பயந்து யாரும் செங்கல் வைத்து அடைப்பதில்லையே!

இரண்டாவது பதில்: "குழந்தைகள் விழுந்துவிடுமே?" இது நியாயமான பயம், மாடிவீட்டில் கம்பி குழந்தைகளின் உயிரைக் காக்கவே செய்கிறது. நியூயார்க் நகரமும் இதே பயத்தில்தான் 1976-ல் ஒரு விதி கொண்டுவந்தது. பத்து வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தை இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் தடுப்புகள் கட்டாயம். ஆனால் அவசரப் படிக்கட்டுக்குப் போகும் ஜன்னலுக்கு அந்தத் தடுப்பு போடக்கூடாது. குழந்தை விழவும் கூடாது, குடும்பம் வேகவும் கூடாது என்று இரண்டையும் சேர்த்து யோசித்தார்கள். இங்கே எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லவில்லை. அறைக்கு ஒன்று போதும். தாழ்ப்பாளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் முடிந்தது.

மூன்றாவது: "மூன்றாவது மாடியில் ஜன்னலைத் திறந்து என்ன செய்வது, குதிப்பதா?" குதிக்க வேண்டாம். அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணியை அடைத்து, ஜன்னலில் தலையை நீட்டி மூச்சுவிடலாம், கத்தலாம். தீயணைப்பு வீரர் ஏணி போட்டு வருவதும் அந்த ஜன்னலுக்குத்தான். பதித்த கம்பி என்றால் அவர் முதலில் அறுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டும். முதல் மாடி என்றால் தமிழ்நாட்டுக் கட்டடத்துக்கே உரிய ஒரு வசதியும் இருக்கிறது. கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேட். கடைசி நேரத்தில் காலூன்றி நிற்க அதுவும் ஒரு இடம்.

நான்காவது: "இவ்வளவு வருஷம் ஒன்றும் ஆகவில்லையே." இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. தீப்பிடித்த ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு முந்தைய நாள் வரை ஒன்றும் ஆகவில்லை.

ஜன்னலை மாற்றுகிறார்கள், கூண்டை மாற்றுவதில்லை

இப்போது ஜன்னல் மாற்றும் காலம். கரையான் அரித்த மரச்சட்டம், துருப்பிடித்த இரும்புச் சட்டம் எல்லாம் போய் அலுமினியமும் யூ.பி.வி.சி.யும் வருகின்றன. தூசி வராது, சத்தம் கேட்காது, பெயின்ட் வேண்டாம். எல்லாம் உண்மை. ஆனால் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, இழுத்துத் திறக்கும் ஸ்லைடிங் ஜன்னல். இரண்டு கதவு உள்ள ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். நாலடி ஜன்னல் என்று காசு கொடுத்துவிட்டு இரண்டடி ஜன்னலை வாங்குகிறார்கள். கீல் வைத்துத் திறக்கும் பழைய மாதிரி முழுவதும் திறக்கும். காற்றுக்கும் அதுதான் நல்லது, அவசரத்துக்கும் அதுதான் நல்லது. படுக்கையறையில் ஒன்றையாவது அந்த மாதிரி கேட்டு வாங்க வேண்டும். பழைய ஜன்னலைப் பெயர்க்கும் அதே நாளில்தான் கிரில்லையும் பெயர்த்துக் கீல் வைக்க முடியும். சுவர் ஏற்கெனவே உடைந்திருக்கிறது, கொத்தனார் ஏற்கெனவே வந்திருக்கிறார். அந்த நாளை விட்டால் இன்னும் இருபது வருஷம் யாரும் அதைத் தொடப் போவதில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது ஜன்னல் போடுகிறவர்கள், அதற்கு முன்னால் அதே பழைய கம்பிக்குப் புதுசாக ஒரு கோட்டிங் பெயின்ட் அடித்து நிறுத்திவிடுகிறார்கள்!

இரண்டாவது, ஜன்னல் வேலை வெறும் அழகு வேலை என்ற எண்ணம். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற குடியிருப்பைப் புதுப்பிக்கும் பணி 2016-ல் முடிந்தது. ஜன்னல்களை மாற்றி, வெளிச்சுவருக்கு அலங்காரப் பலகை போர்த்தினார்கள். 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடிச் சமையலறை ஒன்றில் ஃப்ரிட்ஜ் பகுதியில் பற்றிய தீ, ஜன்னலைச் சுற்றிப் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் சட்டங்கள் இளகியதால் வெளியே பாய்ந்து, எரியக்கூடிய அந்தப் பலகையைப் பிடித்து, கட்டடம் முழுக்க ஏறியது. 72 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் தன் முதல் அறிக்கையை 2019-லும் இறுதி அறிக்கையை 2024-லும் வெளியிட்டது. ஒரு சமையலறையோடு அடங்கியிருக்க வேண்டிய தீயைக் கட்டடத்தின் தீயாக மாற்றியது அந்தப் புதுப்பித்தல்தான். ஜன்னல் ஓரத்தில் எதைத் திணிக்கிறார்கள், முகப்பில் எதை ஒட்டுகிறார்கள் என்று கேட்காமல் விடுவதன் விலை அது. சென்னையிலும் கோவையிலும் கட்டடங்களுக்கு முகப்புப் பலகை மாட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையின் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்?

தீ எங்கிருந்து வருகிறது?

வானத்திலிருந்து வருவதில்லை. வீட்டுக்காரர் தினமும் தொடும் பொருட்களிலிருந்துதான் வருகிறது.

லைட்டுக்கு என்று போட்ட ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் இஸ்திரிப் பெட்டியையும் ஹீட்டரையும் ஒரே மல்டிபிளக்கில் சொருகுகிறார்கள். எம்.சி.பி. விழுகிறது. விழத்தானே வேண்டும், அதற்காகத்தானே அது இருக்கிறது! ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு "அடிக்கடி ட்ரிப் ஆகுது, பெருசா ஒண்ணு போட்டுடுங்க" என்கிறார்கள். பதினாறு ஆம்பியர் போய் முப்பத்திரண்டு வருகிறது. ஒயர் அதே ஒயர். இனி எம்.சி.பி. விழாது, சுவருக்குள் ஒயர்தான் வேகும். பழைய காலத்தில் பியூஸ் கட்டையில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிய அதே புத்திசாலித்தனம், புதிய சட்டையில்.

சமையலறையில் 14.2 கிலோ சிலிண்டர். அதிலுள்ள எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மாடுலர் கிச்சன் என்ற பெயரில் அதைக் காற்றோட்டமே இல்லாத அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். ரப்பர் குழாயின் மேல் அதன் ஆயுள் அச்சிட்டிருக்கிறது. ஐந்து வருஷம்தான். எத்தனை வீட்டில் அதைப் படித்திருப்பார்கள்? வாடை வந்தால் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்த ஸ்விட்ச்சின் பொறி ஒன்றே போதும். எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

புகையை உணர்த்தும் சிறிய அலாரம் ஒன்றைக் கூரையில் மாட்டுவது எத்தனை வீட்டில் இருக்கிறது? இங்கிலாந்தில் 2015 முதல் வாடகை வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் அதை மாட்டுவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் வரைபட ஒப்புதலுக்கு வரும் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். அமெரிக்கக் கணக்குப்படி, வேலை செய்யும் அலாரம் உள்ள வீடுகளில் தீ விபத்துக்கு நிகரான சாவு விகிதம் பாதிக்கும் கீழே. இங்கே வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கக் கேமரா வந்துவிட்டது. புகை வந்தால் கத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திருடன்தான் ஜெயிக்கிறான்.

நாற்றத்தை மறைக்கும் பெயின்ட்

தீப்பிடித்து அணைந்த வீட்டில் நடப்பது இன்னொரு கூத்து. சுவர் கறுத்துவிட்டதா? இரண்டு கோட் பெயின்ட். நாற்றம் போகவில்லையா? சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே. ஒரு வாரத்தில் வீடு புதுசு மாதிரி ஆகிவிடும். அடுத்த மாதம் புதுக் குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் சுவர் தானாகப் பேச ஆரம்பிக்கும். பழைய புகை நாற்றம் பெயின்ட்டைத் தாண்டி வெளியே வரும்.

நாற்றம் என்பது ஆவி அல்ல, மந்திரித்து ஓட்டுவதற்கு. அது சுவரின் நுண்துளைகளிலும், பஞ்சு மெத்தையிலும், திரைச்சீலையிலும், ஏ.சி.யின் உள்ளேயும் படிந்திருக்கும் கரித்துகளும் எண்ணெய்ப் பிசுக்கும். அது அமிலத்தன்மை உள்ளது, உலோகத்தை அரிக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. அதை நீக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உலர்ந்த ஸ்பாஞ்சால் கரியை ஒற்றி எடுக்க வேண்டும், எடுத்த எடுப்பில் ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் கரி சுவருக்குள் இறங்கிவிடும். பிறகு சோப்புக் கரைசலால் மேலிருந்து கீழ்வரை கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு கறையையும் வாடையையும் அடைக்கும் பிரைமர், அதற்குப் பிறகுதான் பெயின்ட். துணிகளைத் திரும்பத் திரும்பத் துவைக்க வேண்டும். ஃபோம் மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஓசோன் இயந்திரம் வைத்தால் நாற்றம் போய்விடும் என்று விற்கிறார்கள். ஆள் இருக்கும் வீட்டில் அந்த வாயு நுரையீரலைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரித்திருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சூட்டில் இளகிய ஒயர்களைச் சுவருக்குள்ளிருந்து உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பெயின்ட் அடிப்பவர் வீட்டைச் சரிசெய்யவில்லை. அடுத்த தீயை வாடகைக்கு விடுகிறார்! வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் கிச்சன் மேடையையும் தண்ணீர் வசதியையும் விசாரிப்பது போல, புதுப் பெயின்ட் வாடைக்கு அடியில் வேறு வாடை இருக்கிறதா என்றும், எந்த ஜன்னல் திறக்கும் என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டுமே.

இன்னொரு கும்பகோணம் வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குத் தீயின் பாடம் புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவு சமைக்கும் இடத்தில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பிறகு பள்ளிகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. நல்லது. ஆனால் அந்தக் கூரைகளின் ஆபத்து ஜூலை 15 அன்றும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். அகற்றுவதற்கு 94 பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

வீட்டில் அப்படி நடக்காது. வீட்டில் இரண்டு பேர், நாலு பேர் என்று சாவார்கள். உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் ஒரு பத்தி வரும். மின்கசிவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஜன்னல் திறந்ததா என்று யாரும் எழுதமாட்டார்கள். அதனால்தான் எந்த அரசாணையும் வருவதில்லை.

அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. கட்டட விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு, உள்ளிருந்து திறக்கும் கம்பியுள்ள ஜன்னல் ஒன்று இருக்க வேண்டும். கட்டி முடித்த சான்று தருகிறவர் நேரில் வந்து அந்தத் தாழ்ப்பாளை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வரி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவைப்படுவது ஒரு வெல்டர், சில கீல்கள், ஒரு தாழ்ப்பாள், அரை நாள் கூலி. இருபது வருஷமாகப் பெயின்ட்டுக்குக் கொட்டிய பணத்தில் இது ஒரு பங்குகூட இருக்காது. கூடவே வாசல் சாவிக்கு ஒரு நிரந்தர ஆணி, கூரையில் ஒரு புகை அலாரம், ராத்திரி ஹாலில் சார்ஜ் போடாத பழக்கம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள எல்லோரும், பாட்டியும் பிள்ளைகளும் உட்பட, கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தாழ்ப்பாளைத் தேடித் திறந்து பார்க்க வேண்டும். திறக்க முடியாதவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

திருடன் கொண்டுபோவதைத் திரும்பச் சம்பாதிக்கலாம். புகை கொண்டுபோவதை யாரும் திரும்பச் சம்பாதித்ததில்லை.